மச்சானின் மூச்சு

நவம்பர் 8, சனி

விடியற்காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஆக்சிஜன் மெஷினின் ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, மாட்டினேன். வாங்க வேண்டியது: இஞ்சி, துணி சோப்பு, பிரெட்.

மச்சானுக்கு இன்று மூச்சு மோசம். (கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். என் வீட்டுக்காரரை இன்னும் மச்சான் என்றுதான் எழுத வருகிறது.) பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு எட்டு அடி. அதற்கே முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து, உதட்டைக் குவித்து ஊதுகிறார். எல்லாம் பீடி செய்த வேலை. விட்டு நாலு வருடம் ஆகியும் நுரையீரல் தேறவில்லை.

விரல் மீட்டரில் 87. மெஷினில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்று டாக்டர் சீட்டில் இருக்கிறது. ஏன் என்று இல்லை. மச்சான் கண்ணைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. குமிழை மூன்றுக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் 97.

"இப்ப எப்டி இருக்கு மச்சான்?"

"தேவலாம் நூரு."

மத்தியானம் அசந்து தூங்கினார். இப்படித் தூங்கி எத்தனை நாள் ஆகிறது! சத்தம் வராமல் பாத்திரம் தேய்த்தேன். மனசுக்கு நிறைவு.

நவம்பர் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் தலைவலி என்றார். டீ டம்ளரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார், லுங்கியெல்லாம் டீ. எழுப்பினால், "கம்பெனி பஸ்ஸு போயிடுச்சா?" மேட்டுப்பாளையம் கம்பெனியை விட்டு நின்றே ஆறு வருடம். கை உதறல். முகம் சிவந்து கிடந்தது. மீட்டரில் அப்போதும் 97. அவ்வளவு இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன்.

அப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் கண்ணைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு செல்வம்தான் தூக்கி ஆட்டோவில் போட்டான்.

மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மூக்கு, வாய் இரண்டையும் மூடி ஒரு மாஸ்க். அதோடு சேர்ந்த மெஷின் புஸ் புஸ் என்று காற்றை உள்ளே தள்ளுகிறது. சின்ன வயது லேடி டாக்டர் கேட்டார்:

"வீட்ல ஆக்சிஜன் எவ்ளோ வெச்சிருந்தீங்கம்மா?"

"ஒண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன். யாருக்குப் பயந்து.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். மச்சான் இன்னும் முழுசாகக் கண் விழிக்கவில்லை. ஷபீனா காலாப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். "அம்மா, ரெண்டு இட்லியாவது சாப்டுங்க" என்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு அதே லேடி டாக்டர் ரவுண்ட்ஸ். வெளியே வந்தவரைப் பின்னாலேயே போய் நிறுத்தினேன்.

"டாக்டர், ஒண்ணு இல்ல. மூணு வெச்சேன். நான்தான் திருப்புனேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சும்மா. இல்லேன்னா வேற காரணம் தேடிக்கிட்டு இருந்திருப்போம்."

அப்புறம் என் பிடரிக்கு மேலே விரலால் தொட்டுக் காட்டினார். "மூச்சு விடுன்னு சொல்றது நெஞ்சு இல்லம்மா. இங்க உள்ள, மூளைத்தண்டு. ரத்தத்துல கரியமில வாயு ஏறுச்சுன்னா அதுக்குத் தெரிஞ்சிடும். உடனே வேகமா மூச்சு வாங்க வைக்கும். ஐயாவுக்கு அந்த வாயு வருஷக்கணக்கா உள்ளயே தங்கிப் பழகிடுச்சு. ஏறுனாலும் அது முன்ன மாதிரி பதறாது. அதுமேல ஆக்சிஜனையும் நெறைய குடுத்தா, மூச்சு இன்னும் மெதுவாகும், நுரையீரல்ல காத்தும் ரத்தமும் சரியா சேராது. வாயு ஏறிக்கிட்டே போவும். அந்த மயக்கந்தான் இது."

"மீட்டரு தொண்ணூத்தேழு காட்டுச்சே?"

"அது ஆக்சிஜன மட்டுந்தான் பாக்கும். இந்த வாயு அதுக்குத் தெரியாது. ஐயாவுக்கு எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்திரெண்டு போதும்."

வராந்தாவில் தனியாக நின்று மூச்சை அடக்கிப் பார்த்தேன். முப்பது எண்ணுவதற்குள் நெஞ்சு திமிறியது. விடு, விடு என்று உள்ளே இருந்து ஒரே உதை. நான் கேட்காமலே எனக்காக யாரோ அங்கே காவல் இருக்கிறார்கள். மச்சானின் காவல்காரன் களைத்துப் போயிருக்கிறான். நான் அது தெரியாமல் அவனைப் படுக்க வைத்துவிட்டேன்.

ஷபீனாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

நவம்பர் 12, புதன்

நல்ல வெயில். நேற்று சாயங்காலம் கண் விழித்தார். இன்று ரத்தத்தில் வாயு இறங்கிவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ். பகலில் மாஸ்க்கை ஒரு மணி நேரம் எடுத்தார்கள். மூக்கின் மேல் சிவப்புத் தழும்பு. தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். முதலில் கேட்டது மீன் குழம்பு.

சொல்லிவிட்டேன். மூன்றுக்குத் திருப்பினது, டாக்டரிடம் பொய் சொன்னது, ஒரு மணி நேரம் சும்மா இருந்தது. எல்லாம்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, கோபம் என்று எழுந்து போகப் பார்த்தேன். முந்தானையைப் பிடித்துவிட்டார்.

"நூரு."

"சொல்லுங்க மச்சான்."

"இனிமே நான் தவிக்கறதப் பாத்தா எங்கையப் புடிச்சிக்க. அதத் திருப்பாத."

இவ்வளவு சொல்வதற்கே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று வீடு. மாஸ்க் மெஷினும் கூடவே வந்திருக்கிறது, தூங்கும்போது போட. ஷபீனா காலையில் ஊருக்குப் போய்விட்டாள். மீன் குழம்பு வைத்தேன். உப்பு குறைவு, அவருக்காக.

குளித்துவிட்டு வந்தவருக்கு இழுப்பு. 86. ஆக்சிஜன் மெஷின் ஒன்றில்தான் ஓடுகிறது. குமிழ் கைக்கு எட்டும் தூரத்தில். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வளையல் அழுந்தும் அளவு இறுக்கினார். அவர் உதட்டைக் குவித்து ஊத, நானும் ஊதினேன். 87. நான் அசையவில்லை. 87. 88. என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான பத்து நிமிடம் இல்லை. 89.

சாப்பிட்டதும் மாஸ்க்கை மாட்டிவிட்டேன். படுத்த உடனே தூங்கிவிட்டார். எனக்குப் போன சனிக்கிழமைத் தூக்கம்தான் ஞாபகம் வந்தது. சந்தேகமாக இருந்தால் எழுப்பி ஏதாவது கேளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோளைத் தட்டினேன்.

"மச்சான், இன்னிக்கி என்ன கெழம?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெள்ளி. பாங்கு சொல்லி எவ்ளோ நேரமாவுது, ஒனக்குக் காது கேக்கலியா? போய்த் தொழுவு. மனுசனத் தூங்க உடு."