முந்தி வந்தவள்

அன்புள்ள மகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை; அதனால் எழுதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடை முகாம் நேற்று முடிந்தது. கடைசி ஓட்டப் பந்தயத்தில் தருவைகுளத்துச் சிறுமி ஒருத்தியை இரண்டாவது என்று அறிவித்தேன். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்த அவள் அம்மா மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"எம் மவதான் முந்தி வந்தா அண்ணாச்சி! நீங்க எங்கன பாத்துட்டு நின்னிய?"

சுற்றி நின்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். தீர்ப்பை மாற்றினேன்.

நீ ஆறாம் வகுப்பில் ஓடிய பந்தயம் நினைவிருக்கிறதா? அன்று நீதான் முதலில் கோட்டைத் தொட்டாய். நான் பார்த்தேன். முகாம் நடத்துகிறவன் மகளுக்கே கோப்பையா என்று ஊர் பேசும் எனப் பயந்து, வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியளாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாய். "ஆமா" என்றேன்.

அதன் பிறகு நீ ஓடவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் படிப்புச் சுமை என்று நானே காரணம் சொல்லி வந்தேன்.

அந்த அம்மாவைப் போல அன்று உனக்காக ஒருவர் மைதானத்துக்குள் வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். போட வேண்டியவன் கழுத்தில்தான் விசில் தொங்கியது.

உன் அப்பா