குவியலில் கிடக்கும் வலது செருப்பு

அனுப்புநர்:
ரொட்டிக்கடை அடுப்புக்காரரின் மனைவி
(சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள்),
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: ஊழலை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குப் போன என் கணவரைக் காணாதது பற்றியும், அவருடைய செருப்பை அப்புறப்படுத்தாமல் வைத்திருக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏழைகளுக்கென்று வந்த மாவு மூட்டைகள் அரசுக் கிடங்கிலிருந்தே வெளியில் விற்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். மாவு கைக்கெட்டாத விலைக்குப் போனதும், என் கணவர் வேலை பார்த்த கடையில் அடுப்பு அணைந்தது. ஊருக்கே ரொட்டி சுட்டுப் போட்டவர் வீட்டில் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அதைக் கேட்கத்தான் அவர் ஊர்வலத்துக்குப் போனார். கையில் கல் இல்லை ஐயா, காலி மாவுச் சாக்கு ஒன்றுதான் இருந்தது.

2. அவருக்கு வலது கால் பிறவியிலேயே குட்டை. பழைய டயரை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டி, வலது செருப்பை நான்தான் உயர்த்திக் கொடுப்பேன். அது இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்வார். தெருவில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். 'நீங்கள் போய்ச் சேருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்' என்று ஊர்வலத்தன்று காலையில்கூடக் கேலி செய்துதான் அனுப்பினேன்.

3. ஊர்வலத்தின் மேல் போலீசார் நடத்திய தடியடிக்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. மருத்துவமனை ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். காவல் நிலையத்தில் ஆய்வாளர், "அப்படி யாரையும் நாங்க பிடிக்கலம்மா. கூட்டத்தோட ஓடியிருப்பாரு, தானா வந்துருவாரு" என்றார். ஆய்வாளர் நின்று பேசிய அதே முற்றத்தில், சாலையிலிருந்து அள்ளி வந்த செருப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அதற்குள் நான் ஒட்டிய செருப்பு கிடந்தது.

4. அதை விட்டுவிட்டு ஓட என் கணவரால் முடியாது. யாரோ தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். யார், எங்கே என்பதுதான் என் கேள்வி.

5. இதைச் சொன்னதும் ஆய்வாளர், "உங்க பொருள்தானே, கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் என் கணவர் அங்கே இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. நாளைக் காலை குப்பை வண்டி வந்து குவியலை அள்ளப்போவதாக இளம் காவலர் ஒருவர் காதோடு சொன்னார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். அப்பா எப்போதும் மெதுவாகத்தானே வருவார் என்று என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே, அந்தக் குவியலை யாரும் தொடாதபடி தடுத்து, அவர் இருக்கும் இடத்தை எனக்குத் தெரிவிக்க உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்கிறேன். என்னைப் பார்க்கவிடாவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறேன். செருப்பை முதலில் அவரிடம் சேர்த்துவிடுங்கள். ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, தாங்கும். அதை என் கையில் கொடுப்பதற்காக மட்டும் யாரையும் அனுப்பிவிடாதீர்கள்.

இடம்: காவல் நிலைய வாசல்
நாள்: திங்கட்கிழமை, மாலை

இப்படிக்கு,
வாசலை விட்டு நகராத,
நிதானத்தின் மனைவி