லீட்ரிம் மேசையில் நான் கேட்ட கேள்விகள்

கிங்ஸ்பரி, லண்டன்
09.02.2025

அன்புள்ள மகன் பவித்திரனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் ஷெறோனும் வயிற்றில் இருக்கும் குஞ்சும் மெல்பேணில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ, அதுவும் கடைக்குப் போய்வாங்கோ என்றால்தான் நோகும், கிரிக்கெட் பார்க்கப் படி இறங்கும்போது நோகாது. இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகினம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ தரும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் கேக்குதோ கேக்குதோ என்பதிலேயே போய்விடுகிறது, மிச்சம் இரண்டு நிமிடத்தில் இந்த விசயத்தைச் சொல்ல ஏலாது. அதோடு இந்தக் கடிதத்துக்குள் இன்னொரு கவர் வடிவாக ஒட்டி வைத்திருக்கிறேன். அது ஷெறோனுக்கு. நீ திறக்காதே. பள்ளிக்கூட ரிப்போட்டைக் கெட்டில் ஆவி பிடித்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டின ஆள் நீ, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

முதலில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழமைபோல ஊர்ப் புதினம் எழுதியே தாள் முடிந்துவிடும். பிள்ளை பிறக்கும்போது எனக்கு அங்கே நிற்க வேண்டும். பத்தியம் சமைக்க வேண்டும், குஞ்சைக் குளிக்க வார்க்க வேண்டும். நீ வாங்கோ அம்மா என்று சொல்லுகிறாய், ஆனால் ஷெறோன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாமல் நான் பிளேன் ஏறமாட்டேன். அவள் ஏன் சொல்லவில்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நாலு வருசத்துக்கு முதல் நீ அவளை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அவளிடம் தகப்பன் வழி எவ்விடம் என்று நான் கேட்க, அப்பா அயர்லாந்து, சின்ன வயதில் லண்டனுக்கு வேலைக்கு வந்தவர், ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, அவர் செத்துப் பதினொரு வருசம், அதுக்குமேல் எனக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை உள்ளதைச் சொன்னது. நான் குசினிக்குள் வந்து உன்னிடம், ஆரின்ர பிள்ளை எண்டு தெரியாத பெட்டையை எப்பிடியடா சபையிலை கொண்டுவந்து நிப்பாட்டுறது என்று கேட்டேன். தமிழில்தானே சொன்னேன் என்று இருந்துவிட்டேன். நீ இரண்டு வருசமாக அவளுக்குத் தமிழ் படிப்பித்தது எனக்கு எப்படித் தெரியும்? அவள் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு போனில் ஹலோ ஆன்ரி, ஹவ் ஆர் யூ, இந்தாங்கோ பவி. அவ்வளவுதான். அவளில் பிழை இல்லை.

போன ஐப்பசியில் நானும் அப்பாவும் ஒரு வகுப்பில் சேர்ந்தோம். கில்பேர்ணில் ஒரு மண்டபம், ஆறு சனிக்கிழமை, ஐரிஷ் குடும்ப வரலாறு தேடுவது எப்படி என்று படிப்பிக்கிறார்கள். நூலக நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நல்ல மனத்தோடு போகவில்லை. பிள்ளை பிறந்தவுடன் எங்கட சனம் தாய் வழி எவ்விடம் என்று கேட்கும், அதற்குச் சொல்ல ஒரு மறுமொழி வேண்டும் என்றுதான் போனேன். அப்பா வந்தது மண்டபத்தில் தேத்தண்ணியும் கேக்கும் இலவசம் என்று நோட்டீசில் போட்டிருந்தபடியால். ஜூபிலி லைன் ரயிலில் நேரே போய் இறங்கலாம், அதனால் முழங்காலும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு பேர், எல்லாரும் வெள்ளைத்தலை வெள்ளைக்காரர், நடுவிலே நாங்கள் இரண்டு பேர். சேரும்போது ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பத் தந்தார்கள், உங்களுடைய ஐரிஷ் தொடர்பு என்ன என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் பாட்டன் பூட்டன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் ஒரே ஒரு சொல், மருமகள் என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு நோறா ரீச்சர் (அவதான் படிப்பிக்கிறவ, எழுபது வயது, சரியான கெட்டிக்காரி) இருபது வருசத்தில் இப்படி ஒரு பதில் கண்டதில்லை என்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினா. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளை மருமகள் என்று நான் முதல் முதலாக எழுதினது அந்தப் பாரத்தில்தான் பவி.

முதல் கிழமை வீட்டுவேலை, அவரவர் குடும்ப மரத்தைக் கீறிக்கொண்டு வர வேண்டும். அப்பா தன் பேர், தகப்பன் பேர், பாட்டன் பேர் என்று மூன்று பெட்டி கீறிவிட்டுக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். நான் இரண்டு பக்கமும், அவர்கள் பெண் கொடுத்த இடம், எடுத்த இடம், அவர்களின் மச்சான்மார் என்று எழுதிக்கொண்டு போக ஏழு தாள் ஒட்ட வேண்டி வந்தது. நோறா ரீச்சர் மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, ஒரு பத்திரமும் இல்லாமல் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டா. தெரியாவிட்டால் கலியாண வீட்டுக்கு ஆருக்கு முதல் சொல்லுவது, ஆரோடு கோபம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அயர்லாந்திலும் அதே சங்கதிதான் என்றா. அங்கேயும் தேவாலயத்துக்கு ஒரு கோயில்பற்று, அதற்குள் சின்னச் சின்னக் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடலாமாம். 1922இல் டப்ளினில் பதிவேடுகள் வைத்திருந்த கட்டடம் எரிந்துபோனதைச் சொன்னபோது மட்டும் நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எங்கட ஊர் நூலகம் எரிந்ததைக் கண்ட எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கலாம் என்றதும் அப்பா கையை உயர்த்தித் தான் தயார் என்றார். உங்கட எச்சிலிலை என்ன ஐரிஷ்காரன் வரப்போறான், இருங்கோ என்று இழுத்து இருத்தினேன். ஆனால் பவி, அந்த ஏழு தாளில் உன் பேருக்குப் பக்கத்தில் ஷெறோன் என்று ஒரு பெட்டி, அதற்கு மேலே முழுக்க வெள்ளைத் தாள். இரவு முழுக்க அதுதான் கண்ணுக்குள் நின்றது.

பிறகுதான் வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன். உங்கள் கலியாணப் பதிவுத்தாளில் அவளின் தகப்பன் பேர் தோமஸ் மக்மோரோ என்று இருந்தது. அதை வைத்து அவரின் கலியாணப் பத்திரத்துக்கு எழுதிப் போட, அதில் அவருடைய தகப்பன் பேரும் தொழில் கமக்காரன் என்றும் இருந்தது. எங்களைப் போலத் தோட்டம் செய்த சனம் என்று எனக்கு ஒரு சந்தோசம். அந்தப் பேர் கூடுதலாக லீட்ரிம் என்ற மாவட்டத்தில்தான் என்று நோறா ரீச்சர் சொன்னா. கார்த்திகையில் ஒரு பெரிய மண்டபத்தில் ஐரிஷ் வம்ச வரலாற்றுக் கண்காட்சி நடந்தது, மாவட்டத்துக்கு ஒரு மேசை. லீட்ரிம் மேசையில் ஒரு வயதான மனிசன் தனியாக இருந்தார். மக்மோரோ சனம் இருந்த குறிச்சிக்காரர்தான், தோமசின் தகப்பன் பேரைச் சொன்னதும் ஓம் அந்தக் குடும்பத்தில் இப்போது மகன் பிராங் என்று ஒருவர் மட்டும் இருக்கிறார் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பிராங்கைப் பற்றி, சம்பந்தம் பேசுகிற எங்கட முறையில், எல்லாம் கேட்டேன். வயது என்ன, வீடு சொந்த வீடோ, காணி எத்தனை ஏக்கர், உறுதிப் பத்திரம் ஆரின் பேரில், குடிவகை உண்டோ, பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ, ஏன் கலியாணம் கட்டவில்லை. அந்த மனிசனும் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார், எழுபது வயது, முப்பது ஏக்கர், கூரை புதிதாகப் போட்டது, குடி விட்டுக் கனகாலம். எல்லாம் சொல்லிவிட்டு அப்பாவைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, அவர் உங்கள் சகோதரரா என்று கேட்டார். அப்பா அப்போது தேத்தண்ணி மேசையடியில் மூன்றாவது கேக்கோடு நின்றார். அந்த நேரம் பார்த்து நோறா ரீச்சர் கூப்பிட, நான் அவசரத்தில் எங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

பத்து நாளில் அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படம், தலை வாரி, கழுத்தில் ரை கட்டி, டிராக்டரில் கை வைத்தபடி ஒரு மனிசன். நான் அமைதியான ஆள், சமையல் கொஞ்சம் தெரியும், உறைப்புச் சாப்பிட்டுப் பழக்கமில்லை, ஆனால் பழகலாம், எங்கள் வயதில் துணை ஒன்று இருப்பது நல்லது என்று எழுதியிருந்தார். கீழே பிராங் என்று கையெழுத்து, நான் வாசித்துவிட்டுக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். உன் அப்பா இருக்கிறாரே, அந்தப் படத்தைப் பிரிட்ஜில் ஒட்டி, மூன்று நாளாக ஒவ்வொரு தேத்தண்ணிக்கும், டிராக்டர் வந்து நிக்குது, நீ இன்னும் வெளிக்கிடேல்லையோ என்று கேட்டார். மோர்டனில் இருக்கிற உன் அக்கா ஷோபாவுக்குப் போன் எடுத்து, உன்ர அம்மாவுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கு, முப்பது ஏக்கர் என்று சொல்லியிருக்கிறார். நாற்பது வருசம் சமைத்துப் போட்ட எனக்கு இது வேணும்.

நாலாம் நாள், கடிதத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ, எனக்குப் புருசன் இருக்கிறார், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார், நான் விசாரித்தது உங்கள் தமையன் தோமசின் மகளுக்காக, அவள் என் மருமகள் என்று சொன்னேன். அவர் மெல்ல, என் அண்ணன் தொம் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். அவருக்குத் தெரியாது பவி. அண்ணன் பதினேழு வயதில் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவராம், தனக்கு அப்போது பன்னிரண்டு, ஐம்பத்தெட்டு வருசமாக ஒரு வரி இல்லையாம். தோமஸ் செத்துப் பதினைந்து வருசம் என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டி வந்தது, முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை, லண்டனில் குசினிக்குள் நின்றுகொண்டு. அவர் அழுதார். நானும் அழுதேன். அப்பா எழும்பிப் போய் அந்தப் படத்தைப் பிரிட்ஜிலிருந்து கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார், அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை.

நோறா ரீச்சரிடம் சொல்லப் போய் நல்ல ஏச்சு வாங்கினேன். உயிரோடு இருக்கிறவர்களின் கதையை அவர்களைக் கேட்காமல் கிண்டக் கூடாது என்று முதல் நாளே படிப்பித்தா, நானும் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன், எழுதியும் என்ன. ஷெறோனின் தகப்பன் வழியைத் தேடுவதற்கு எனக்கு ஆர் உரிமை தந்தது? முதல் அந்தப் பிள்ளைக்குத் தன் வழி தெரியாது என்று பிழை சொன்னேன், இப்போது அவளுக்கு முதல் நான் தெரிந்துகொண்டு நிற்கிறேன். இரண்டும் ஒரே பிழைதான். இனி ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன், பிராங்குக்கு அவளின் பேரைத் தவிர விலாசமோ நம்பரோ கொடுக்கவில்லை. ஷெறோனின் கவருக்குள் தகப்பனின் கலியாணப் பத்திரமும், பிராங் அவளுக்கு எழுதின கடிதமும், இரண்டு சின்னப் பெடியன்கள் வாசலில் நிற்கும் ஒரு பழைய படமும் இருக்கிறது. படத்தை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூத்தவனின் முகத்தில் நாடி ஷெறோனின் நாடிதான். அவளைக் கேள், பார்க்க விருப்பம் என்றால் கொடு, இல்லையென்றால் கிழிக்காமல் திருப்பி அனுப்பு, நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன். அவள் களைத்திருக்கும் நேரத்தில் கொடாதே. ஆன்ரி அந்த அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறா என்றும் சொல், இல்லை, நீ சொல்லாதே, நானே தாள் ஒன்றில் தமிழில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே.

இன்னும் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை பிராங் திரும்ப எடுத்தார். பெண்ணின் சித்தப்பன் என்றபடியால் தானும் விசாரிக்க வேண்டும் என்றார். நீங்கள் எவ்விடம், என்ன சனம், மகன் என்ன வேலை, குடிப்பானா என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் நான் பெருமையாகப் பதில் சொன்னேன். கடைசியாக, மாமியார் வீட்டில் என் அண்ணனின் பிள்ளையை நல்லாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகனைக் கேட்டுச் சொல்லுறன் என்று போனை வைத்துவிட்டேன். உன்னைக் கேட்டு என்ன பிரயோசனம், நீ எனக்காகப் பொய் சொல்லுவாய். ஷெறோனைக் கேள். அவள் என்ன சொல்லச் சொல்லுகிறாளோ அதை அப்படியே அந்த மனிசனுக்குச் சொல்லுவேன், நல்லாய் வைத்திருக்கவில்லை என்று சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்.

உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் சுகமும் கிடைக்க வேண்டும், தாயும் பிள்ளையும் வேறுவேறாகி நல்லபடி வீடு வந்து சேர வேண்டும். அவளை இரும்புச் சத்துக் குளிசையை மறக்காமல் போடச் சொல், பார வேலை எல்லாம் நீ செய், போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காதே. அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொல்லுகிறார், மாடியிலிருந்து கத்துகிறார், இறங்கி வந்து தானே எழுத முழங்கால் விடவில்லையாம்.

என்றும் உன் மேல் அன்புள்ள
அம்மா
நீலவேணி தர்மலிங்கம்