ஜீப்பின் பின்பக்கக் குலுக்கல் பற்றி அப்பாவுக்கு

அப்பா,

இந்த வீட்டில் புத்தி கலங்காமல் இருக்கும் ஒரே ஜீவன் நான்தான். வருங்காலச் சந்ததி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது. உப்பு குறைவு. உங்கள் பிரஷருக்காக இல்லை, போட மறந்துவிட்டேன்.

நேற்று ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த உங்களிடம், "குலுங்குதுன்னு சொன்ன அம்மாவே போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் யாருக்காகப்பா முறுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன். நீங்கள் ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். சாப்பிடவும் வரவில்லை. அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காலையில் நானே அடியில் புகுந்து பார்த்தேன். பெரிய ஸ்பிரிங் போட்டு நீங்கள் வண்டியை உயரமாக்கியதில் பின் ஆக்சில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அதைப் பிடித்து நிற்கும் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. சமமாக்கி, இரண்டையும் அரைச் சுற்று திருப்பி வைத்திருக்கிறேன். ஜாக்கியிலிருந்து வண்டியைக் கீழே இறக்கி, பாரம் சக்கரத்தில் நின்ற பிறகுதான் போல்ட்டை இறுக்கினேன். நீங்கள் கத்துவீர்களே, அப்படியே.

சாவி ஃபிரிட்ஜ் மேலே. கிரீஸ் பூராவும் உங்கள் துண்டில்.

பி.கு: ஓட்டியும் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அம்மா வலியில் கதவைப் பிடித்துக்கொள்வாரே, அதே ரோடு, அதே வேகம். குலுக்கலே இல்லை.

இன்னொன்று, யாரிடமும் சொல்ல வேண்டாம். பாலம் தாண்டியதும் பக்கத்து சீட்டைப் பார்த்து, "இப்பப் பரவால்லையாம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச தூரம் மெதுவாகவே ஓட்டினேன்.