காது தைக்கிறவனுக்குக் கதவைத் திறக்காதே

இசக்கி,

உன் அத்தான் என்னைத் தோட்டத்து லாரியில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். நீ ரப்பர் பால்வெட்டு முடிந்து வருவதற்குள் போயிருப்போம். சட்டியில் கஞ்சி இருக்கிறது. காது தைக்கிறவன் இன்று உன் தொங்குகாதை அறுத்துத் தைக்க வருவான். கதவைத் திறக்காதே.

"அக்கா, ஒன் ஒடம்பு வாகு அப்படி. நான் அழகாயிருவேன்னு ஒனக்குப் பொறாமை" என்று நேற்று கத்தினாய். அதற்குப் பதிலை இதில் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் கன்னமெல்லாம் வலிக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டரே தைப்பார், ஆனால் உன் கல்யாணத்துக்குள் முடியாது என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். உன் மாப்பிள்ளை பாம்படம் மாட்டி வளர்த்த தொங்குகாது வேண்டாம் என்றதால் அவசரப்பட்டு இவனைப் பிடித்தோம். வேலை மேற்பார்க்கும் மண்டோர் பெண்டாட்டிக்கு இவன் தைத்த அன்றே போய்ப் பார்த்து மயங்கினோம். தைத்த அன்றைக்கு எல்லாக் காதும் அழகாகத்தான் இருக்கும், இசக்கி. அப்புறம் அவள் ஏன் முக்காடு இல்லாமல் வெளியே வருவதில்லை என்று கேட்டோமா? ஊசியை வெந்நீரில் போட்டானா என்று பார்த்தோமா? உனக்கு முன்னால் நான் தைத்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு காதும் அழுகி நாறுகின்றன. அறுத்தெடுக்கத்தான் வேண்டும் என்கிறார் டிரஸ்ஸர். காய்ச்சலும் விடவில்லை. திரும்பி வருவேனோ என்னவோ.

உன் காதோடு உன்னைக் கட்டிக்கொள்ளாதவன் போகட்டும்.

சாவி பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாக்காவிடம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நம் இரண்டு பேர் பாம்படமும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. உன்னுடையதை உருக்காதே. என்னுடையதை உருக்கி வளையல் செய்துகொள். எனக்கு இனி மாட்ட இடமில்லை.