எட்டாவதாக நின்ற கல்

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் உன் அக்கா யுவராணியும் இங்கே சுகம், நீ அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். யுவராணி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், பாதியில் விடாமல் படி.

அங்கே உன் காலேஜில் கூட்டிப்போன தீவிலிருந்து பொங்கலுக்கு ஒரு கல் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாயே, காக்காப்பொன் மினுக்கமும் நடுவில் மாதுளை முத்துப் போல் சிவப்பும், அதைத்தான் சொல்கிறேன். கடலடிச் சேறாகக் கிடந்தது, பூமிக்குள் போய் வெந்து நசுங்கி இப்படி உருமாறி வந்தது என்று சொன்னாய். அப்பா பெருமையாக அதைத் தோட்டத்தில் மோட்டார் ரூம் திண்டில் வைத்திருந்தார். திராட்சைக்குக் கவாத்து வெட்டும் முன் தோட்டத்துக் கன்னிமார் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசுவோம் இல்லையா, வேலைக்கு வரும் பவுனு இதையும் சாமிக் கல் என்று நினைத்து, ஏழு கல்லோடு எட்டாவதாக நிறுத்தி மஞ்சள் பூசிவிட்டாள். மஞ்சள் வாங்கிய கல்லைச் சாமியிடம் உத்தரவு கேட்காமல் எடுக்க முடியாது, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதில் மட்டும் மஞ்சள் நிற்கவில்லை. இந்த வெயிலில் கன்னிமார் ஏழு பேரும் காய்ந்து கிடக்க, அது ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. கடற்கரைக் கல் ஈரத்தை இழுக்கும் என்று நீ சொன்னதாக அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தச் சிவப்பு முத்துகள் பெருத்துக்கொண்டு வருவது போலத் தெரிந்தது. என் கண்ணாகவும் இருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் பவுனுக்கு அருள் வந்துவிட்டது. குளிர் நாட்டையே பார்க்காதவள், பல் கிட்டிப்போய் நடுங்கினாள். "குளிருது. எங்கூட்டத்த விட்டு என்னப் பிரிச்சவ ஒரு வார்த்த கேட்டாளா?" என்றாள். வேறு ஊரில் கோயில் கட்டப் பிடிமண் எடுப்பதென்றால்கூட நம் ஆட்கள் அந்தச் சாமியிடம் கேட்டுத்தானே எடுப்பார்கள், நீ யாரிடம் கேட்டாய்? என்ன வேண்டும் ஆத்தா என்று அப்பா கும்பிட்டார். "எடுத்த எடத்துல கொண்டுபோயி வைக்கட்டும். இல்லைன்னா எனக்குப் பதிலா அவ அங்கன நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். அடுத்த மாதம் நீ மறுபடி அந்தத் தீவுக்குப் போகிறாய் என்பது பவுனுக்குத் தெரியாது, நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கன்னிமார் முன்னால் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் இங்கேயே இருக்கட்டும், சிவப்பு வந்தால் அனுப்பிவிடலாம் என்று வேண்டினோம். சிவப்புதான் வந்தது. எதையும் நம்பாத உன் அப்பாவே கல்லைத் துணியில் சுற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோய்க் கூரியரில் போட்டுவிட்டார். பெட்டியில் நம் ஊர்ப் பெயர் இருக்கக் கூடாது, இருந்தால் திரும்பி வர வழி தெரிந்துவிடும் என்று பவுனு சொல்லி அனுப்பியிருந்தாள். அனுப்புகிறவர் விலாசம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இவர் பதறிப்போய் அங்கேயும் உன் விலாசத்தையே எழுதிவிட்டு வந்திருக்கிறார். வந்து சாமர்த்தியம் போலச் சொன்னார், உடனே அவரைக் கடைக்குத் திருப்பி விரட்டினேன். ஓடிப்போய்க் கேட்டதற்கு வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வர அதற்கு இப்போது தெரிந்த ஒரே வீடு உன் வீடுதான், கண்ணு.

பெட்டி வந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகாதே. விலாசத்தைக் கிழித்து எரித்துவிடு. எடுத்த இடத்திலேயே வைத்து, வாய் திறந்து மன்னிப்புக் கேள், தமிழில் கேட்டால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. கன்னிமார் ஏழு பேரும் உன்னைக் காக்கட்டும். வைத்துவிட்டு வரும்போது மட்டும் அங்கே தனியாக நிற்காதே, கூட வந்தவர்கள் யார் கையையாவது பிடித்துக்கொண்டே இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா மகாலட்சுமி
காமயகவுண்டன்பட்டி