அப்பா மாட்டிக்கொண்ட அன்று நீ சிரித்தது

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்கையைத் தவிர எல்லாரும் நலம், அந்த முழங்கையும் வீக்கம் வடிந்து ஒரு மனுஷர் முழங்கை மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நீ ரிப்பேர் பார்க்கிற லிப்டுகளெல்லாம் ஒழுங்காக மேலே போய் ஒழுங்காகக் கீழே வருகின்றனவா? போனில் சொல்ல வேண்டியதை இந்த அம்மா ஏன் காகிதத்தில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் பேச்சை மாற்றுவாய், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்பாய். கடிதத்தை எத்தனை முறை மடித்து வைத்தாலும் கடைசியில் எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை நீ போனில் பாதிதான் கேட்டாய், மீதியையும் சேர்த்து முழுசாக எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து அரிசி டப்பாவுக்குள் காய்ந்துகொண்டிருந்ததால் அண்ணன் போனில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன், அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அப்போதுதான் பாத்ரூமுக்குள்ளிருந்து தட்டும் சத்தம். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்துவிடுகிற உன் அப்பா, தன் கையாலேயே மாட்டிய பூட்டுக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே வர முடியவில்லை என்று சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, பூட்டைச் சோதித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சத்தம் கேட்டு மாடி வீட்டு நர்ஸம்மா இறங்கி வந்தாள். போன மாசம்தான் குடிவந்தவள், அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. என்னைக் கேட்காமலே, கீழே மீட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கிற பூட்டுக்காரர் நம்பருக்குப் போன் போட்டாள். பாத்ரூமுக்குள் மணி அடித்தது. அப்பாவும் அந்தக் கடைக்குரலில், எந்தப் பூட்டாக இருந்தாலும் திறக்கப்படும், சொல்லுங்கள் என்றார். இவள், பாவம் ஒரு பெரியவர் பாத்ரூமில் மாட்டிக்கொண்டார், உடனே வாருங்கள் என்று பதறிக்கொண்டு நம் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். உள்ளே பூட்டை இன்னொரு தரம் ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போனிலும் கதவு வழியாகவும் ஒரே சமயத்தில் கேட்டது: “அந்தப் பெரியவர் நான்தாம்மா.”

அதற்குள் அண்ணன் வந்து ஸ்கேலை இடுக்கில் விட்டு நெம்பினான், அப்பா கதவில் காதை வைத்துக்கொண்டு இப்படி நெம்பு அப்படி நெம்பு என்று வேலை சொல்லிக்கொடுத்தார், கதவு படாரென்று திறந்து முழங்கையில் இடித்தது. வெளியே வந்தவருக்கு வலிகூடப் பெரிசில்லை, தன்னைப் பெரியவர் என்று சொல்லிவிட்டாளே என்பதுதான் குறை. அன்றிலிருந்து தலைக்குச் சாயம் அடிக்கலாமா என்று யோசிக்கிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. அந்தப் பெரியவர் நான்தாம்மா என்று அப்பா சொன்னதும் உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்ததே, அதற்காக. முதலில் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் வராத அடிபம்பை அடிக்கிற மாதிரி ஒரு இழுப்பு, நடுவில் ஒரு குறட்டை, கடைசியில் ஐயோ அம்மா என்று ஒரு முனகல், மறுபடி முதலிலிருந்து இழுப்பு. நர்ஸம்மா காதைத் தீட்டிக்கொண்டு, போனில் யாருக்கு மூச்சுத் திணறல், பம்ப் மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பெண் சிரிக்கிறாள். அடியே, நான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்கு நேரமாகிறது என்று நீ போனை வைத்த பிறகும் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பைத்தியம் மாதிரி இளித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வயசில் பற்பசை விளம்பரத்தில் நீ சிரித்த அந்தச் சிரிப்பு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உலகத்துக்கே தெரியும். அப்புறம் அந்த டிவி தொடர், அப்புறம் வயிற்றை அமுக்கினால் உன் குரலில் சிரிக்கிற பொம்மை. அப்போது எனக்கும் தலைகால் புரியாத பெருமைதான், இல்லையென்றால் பொய். பல் பிடுங்குகிற டாக்டர்கூட, முதலில் ஒரு தரம் சிரித்துக்காட்டு, அப்புறம் வாயைத் திற என்றார். பள்ளிக்கூடத்தில் யார் வந்தாலும் உன்னை மேடையேற்றிச் சிரிக்கவைத்தார்கள். உனக்குப் புதுப்பல் கோணலாக முளைத்ததும் தொடரில் வேறு குழந்தையைப் போட்டுக்கொண்டார்கள், ஆனால் சிரிப்பை மட்டும் உன்னுடையதையே எடுத்து அவள் வாயில் ஒட்டினார்கள். ஹாலில் உட்கார்ந்து நீ அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பா ஆப்பரேஷன் ஆகிக் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள், நீ சிரித்தால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று உன் கன்னத்தைக் கிள்ளினார்களே, அன்றைக்குத்தான் நீ வாயைப் பொத்த ஆரம்பித்தாய். அதற்கப்புறம் எத்தனை பெரிய வேடிக்கைக்கும் “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்வாய், துணி எடுக்கப் போன இடத்தில் சாயத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

போன தடவை சித்தி வீட்டில் அவள் அந்தப் பொம்மையைப் பரணிலிருந்து இறக்கி, அமுக்கிக்காட்டி, நீயும் கூடவே சிரி, ரெண்டும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம் என்றாள், சுற்றிலும் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நீ தட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனவள்தான், அதற்கப்புறம் நம் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. இப்போது அண்ணன் கல்யாணத்துக்கும் லீவு கிடைக்காது என்கிறாய். குட்டி, லீவு கிடைக்காது என்று சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அதனால் இங்கே சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன், கேள். சித்தியிடம் நேராகப் போய்ப் பொம்மையைக் கேட்டேன். அது என் மகள் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்று மூக்கைச் சிந்தினாள். அவள் மகளா நீ? என் பெண்ணின் குரல் எனக்கே சொந்தமில்லை, உனக்கு எங்கிருந்தடி சொந்தம் வந்தது என்று அவளைக் கேட்டேன். கோபித்துக்கொண்டு உள்ளே போனாள், வரும்போது பொம்மையைத் தரவில்லை, பாட்டரியை மட்டும் கழற்றிக் கையில் வைத்தாள். அதுவரைக்கும் லாபம். சம்பந்தி நல்ல மனுஷர்தான், வெள்ளந்தி, மேடையில் ஒரு தடவை உங்கள் பெண் சிரித்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றார். நான் சொன்னேன், “எம் பொண்ணு லிப்ட் ரிப்பேர் பண்றா. உங்க லிப்ட் நின்னுபோச்சுன்னா சொல்லுங்க, வந்து பார்ப்பா.” அவருக்குச் சுருக்கென்று பட வேண்டும் என்றுதான் சொன்னேன். அவரோ முகமெல்லாம் மலர்ந்து, அவர்கள் கட்டடத்து லிப்ட் எந்த மாடியில் எப்படி இழுக்கிறது, கதவு எப்படிக் கத்துகிறது என்று ஆரம்பித்துவிட்டார், காப்பி ஆறிப்போனது. இப்போது அவர் வீட்டில் யாரும் உன் சிரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை, கல்யாணத்துக்கு லிப்ட் எஞ்சினியர் வருகிறார் என்று காத்திருக்கிறார்கள். வரப்போகிற அண்ணியும் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் இத்தனை நீட்டி முழக்கினேன். கம்பெனி வேலைக்காக அண்ணன் போனில் எல்லாப் பேச்சும் தானாகவே பதிவாகுமாம். மறுநாள் சாயங்காலம் அவன் குதித்துக்கொண்டு வந்தான், அம்மா, அவள் சிரித்தது அப்படியே இருக்கிறது என்று. என் கை பரபரத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அப்பா வரட்டும் என்றேன், ஏனென்றால் அவர் அன்றைக்குக் கேட்கவே இல்லை. உன்னைச் சிரிக்க வைத்தவரே அவர்தான், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா கடையை மூடிவிட்டு வந்தார், விஷயத்தைக் கேட்டார், போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பொத்தானை அமுக்கவில்லை. அப்புறம் என் கையில் கொடுத்து, “அவளைக் கேக்காம நாம கேக்கக் கூடாது, அழிச்சிடு” என்றார். நான்தான் அழித்தேன். அண்ணன் எப்படி அழிப்பது என்று காட்டிக்கொடுத்தான், விரல் வைத்தது நான். யாரும் கேட்கவில்லை குட்டி, யாருக்கும் போகவில்லை, சித்திக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அன்றிலிருந்து அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது எப்படி இருந்தது என்று கேட்கிறார். நான் இழுத்துக்காட்டுகிறேன், குறட்டை விட்டுக்காட்டுகிறேன், எனக்கு இருமல்தான் வருகிறது. இப்படித்தானா, இப்படித்தானா என்று அவரும் செய்து பார்க்கிறார். சோறு ஆறிப்போகிறது, மாடியிலிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். இதைப் படித்துவிட்டு, வந்ததும் அப்பாவுக்காகச் சிரிக்க வேண்டும் என்று தலையில் ஏற்றிக்கொள்ளாதே. கல்யாணத்தில் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார், நானும் பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்துகொள்கிறேன், வீடியோ எடுப்பவன் நம் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு போவான்.

லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. வேளைக்குச் சாப்பிடு, ஹெல்மெட் இல்லாமல் லிப்ட் குழிக்குள் இறங்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய்நொடி இல்லாமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். வந்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பாத்ரூம் கதவை முழுசாகச் சாத்தாதே. ஊர்ப்பூட்டையெல்லாம் பார்க்கிறவர் அந்த ஒரு பூட்டை மட்டும் இன்னும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால், குட்டி வந்துவிட்டுப் போகட்டும், அது வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வழி பார்த்திருக்கும்
அம்மா